கட்டிக் கிடக்கிற படகுக்கும் ஆள் வேண்டும்

படகு ஓட்டத் தெரிந்தவர்கள் கடலூர் முதுநகரில் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். வலை முடையத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். கட்டிக் கிடக்கிற படகைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர்கள்தான் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வருகிறார்கள். இதை ஒரு வேலை என்றே பல பேர் நினைப்பதில்லை. "படகுலதான படுத்துக் கெடக்கப் போற, அதுக்கு என்ன தெரியணும்?" என்று கேட்பார்கள். ஓடுகிற படகு தன் குறையைத் தானே சொல்லிவிடும். எஞ்சின் சத்தம் மாறும், சுக்கான் கனக்கும், ஓட்டுகிறவன் உடனே கவனிப்பான். கட்டிப் போட்ட படகு அப்படிச் சொல்லாது. மூழ்கிய படகுகளைக் கணக்கெடுத்துப் பார்த்தால், நடுக்கடலில் போனதைவிடக் கரையில் கட்டிய இடத்திலேயே உட்கார்ந்துவிட்டதை நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

என் வீடு குடிகாட்டில். விசைப்படகு டிரைவராக இருந்து, கண் மங்கி, கடலுக்குப் போவதை நிறுத்தியபின் இந்த வேலைக்கு வந்தேன். ஐப்பசி பிறந்தால் பகலில் ஒருவேளை வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு, மற்ற நேரமெல்லாம் உப்பனாற்றில் கட்டிய படகில்தான் இருப்பு. என்னைப் போல ஓய்ந்துபோன டிரைவர்கள், வலைக்காரர்கள், ஒரு காலத்தில் தோணி ஓட்டிய தண்டல்கள் என்று சில பேர் படகுக்கு ஒருவராகத் தங்குவோம். முதலாளி கொடுக்கிற கூலி பெரிதில்லை. ஆனால் தண்ணீரில் பழகிய உடம்புக்குத் தரையில் தூக்கம் பிடிப்பதில்லை என்பதும் உண்மை. கற்றுக்கொள்ள நினைக்கிற இளவட்டங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் இடத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். கெடிலமும் பரவனாறும் கூடிக் கடலில் விழுகிற இடத்தில் இருப்பது நம் துறைமுகம். பரவனாற்றின் கடைசிப் பகுதியைத்தான் உப்பனாறு என்கிறோம். பெரிய கப்பல் கரையை அண்டாத துறைமுகமாகத்தான் இது இருந்தது. அப்போது கப்பல் வெளியே கடலில் நங்கூரம் போட்டு நின்றது, தோணிகள் போய்ச் சரக்கை ஏற்றி இறக்கின. அந்தத் தோணிகளும் பிறகு வந்த விசைப்படகுகளும் ஒதுங்கிக் கிடந்த இடம் இந்த ஆறுதான். வருஷத்தில் இரண்டு காலம் படகுகள் இங்கே நெருக்கியடித்துக் கிடக்கும். ஒன்று ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. அந்த மாதங்களில் கடலுக்குப் போகிற நாளைவிடக் கட்டிக் கிடக்கிற நாள்தான் அதிகம். இன்னொன்று மீன்பிடித் தடைக்காலம். 2001-ல் தடை வந்தபோது 45 நாள். 2017 முதல் ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள். மழைக்காலத்துக் கிடப்பு வேறு, வெயில்காலத்துக் கிடப்பு வேறு. இரண்டையும் ஒன்றாக நினைத்தவன் படகைக் கெடுப்பான்.

எனக்குச் சொல்லிக் கொடுத்தவரை நாங்கள் தண்டல் மாமா என்றுதான் கூப்பிடுவோம். தோணிக் காலத்து ஆள். வலது கையில் இரண்டு விரல் மடங்காது, வடத்தில் சிக்கி நசுங்கியது. அந்தக் கையால்தான் கயிற்றைத் தடவிப் பார்ப்பார். கண்ணால் பார்க்கிறதைவிட அவருக்கு விரல் நிச்சயம். இரவில் எழுந்து டார்ச் அடித்துப் பார்க்கிறவர்களை அதட்டுவார். "வெளக்கடிச்சா வெளக்கு விழுற எடம் மட்டும்தான்டா தெரியும். அணைச்சிட்டுக் கொஞ்சம் நில்லு. படகு ஆடுறது கால்ல தெரியும்" என்பார்.

காலில் என்ன தெரியும்? இது நான் கற்றதிலேயே பெரிய விஷயம், அதனால் விளக்கமாகவே சொல்கிறேன். உள்ளே தண்ணீர் இல்லாத படகு, பக்கத்தில் வேறு படகு போய் அலை வந்தால், சுருக்கென்று சாய்ந்து சுருக்கென்று நிமிரும். அடியில் தண்ணீர் ஏறிய படகு சாயும், சாய்ந்த பக்கம் ஒரு கணம் நிற்கும், பிறகுதான் திரும்பும். உள்ளே இருக்கிற தண்ணீர் சாய்ந்த பக்கம் ஓடிச் சேர்ந்து, நிமிர விடாமல் பிடிக்கிறது. வெறுங்காலுடன் படகின் பின்பக்கமான அமரத்தில் இரண்டு காலையும் அகற்றி நின்றால், அந்தத் தாமதம் குதிகாலில் தெரியும். படகின் எடை, டீசல் எவ்வளவு இருக்கிறது, ஐஸ் பெட்டி காலியா என்பதைப் பொறுத்து ஒவ்வொரு படகுக்கும் ஆட்டம் மாறும். அதனால் புதுப் படகில் காவலுக்கு ஏறினால், முதல் நாள் அடித் தண்ணீரைச் சுத்தமாக இறைத்துவிட்டு, அந்தப் படகின் சரியான ஆட்டம் எது என்று காலுக்குப் பழக்க வேண்டும். பிறகு தூக்கத்தில்கூட ஆட்டம் மாறினால் விழிப்பு வரும்.

தண்ணீர் ஏறியிருக்கிறது என்று தெரிந்தால் அடுத்த கேள்வி, எங்கேயிருந்து வந்தது? மேலேயிருந்து மழை இறங்கியதா, கீழேயிருந்து ஆறு ஏறியதா? மாமா காலத்தில் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பார்கள். உப்புக் கரித்தால் அடியில் எங்கேயோ விட்டிருக்கிறது, சப்பென்றிருந்தால் மழை. இன்றைக்கு ஆற்றுத் தண்ணீர் இருக்கிற நிலையில் நாக்கில் வைக்க யாருக்கும் நான் சொல்ல மாட்டேன். ஒரு மூடி தண்ணீரில் சோப்பைத் தேய்த்துப் பாருங்கள். நல்ல தண்ணீர் நுரைக்கும், உப்புத் தண்ணீர் நுரைக்காது. கெடிலத்தில் வெள்ளம் வந்து ஆறே நல்ல தண்ணீராக ஓடும்போது இந்தச் சோதனை செல்லாது. அப்போது ஒரே வழி, மழை விட்ட நேரத்தில் மூடிகளை எல்லாம் சாத்தி, அடியில் ஒரு குச்சியை நிறுத்திக் கோடு போட்டு, ஒரு தூக்கம் போட்டு எழுந்து பார்ப்பது. கோடு மறைந்திருந்தால் கீழேயிருந்து வருகிறது.

கீழேயிருந்து வருகிற தண்ணீரில் பெரும்பங்கு, விசிறித் தண்டு படகைவிட்டு வெளியே போகிற இடத்தில்தான் வரும். அங்கே திணித்திருக்கிற கிளாண்ட் கயிறு தேய்ந்திருக்கும். புதிதாக வந்த பையன்கள் சொட்டைப் பார்த்ததும் ஸ்பேனரை எடுத்து நட்டை முறுக்கித் தள்ளிவிடுவார்கள். சொட்டு நிற்கும், பையனுக்குச் சந்தோஷம். கிடப்பு முடிந்து கடல் திறந்ததும் எஞ்சினைப் போட்டு ஓட்டும்போது தண்டு வறண்டு உரசிச் சூடேறி, கயிறு கருகி, தண்டிலேயே பள்ளம் விழும். பிறகு எவ்வளவு முறுக்கினாலும் சொட்டு நிற்காது. தண்டு சுழலும்போது கொஞ்சம் சொட்டத்தான் வேண்டும், அந்தத் தண்ணீர்தான் அதற்குக் குளிர்ச்சி. கட்டிக் கிடக்கும்போது சொட்டு நிற்கிற அளவுக்குக் கால் திருகு, அரைத் திருகு போதும். முறுக்கிய இடத்தில் ஒரு துணியைக் கட்டி வைத்தால், கடலுக்குப் போகிறவன் பார்த்துத் தளர்த்திக்கொள்வான். சொல்லிவிட்டு வர மறந்தாலும் துணி சொல்லும்.

இனிக் கயிறு. கயிற்றைப் பற்றி ஒரு நாள் முழுக்கப் பேசலாம்.

தேங்காய் நார் வடம் போய் நைலான் வந்தது. நைலான் இழுபடும், தண்ணீரில் அமிழும். அந்த இழுபடுகிற குணம்தான் நமக்கு வேண்டும். அலை தூக்கி இழுக்கிற வேகத்தைக் கயிறு வாங்கிக்கொண்டால் படகின் கட்டைக்கு அடி விழாது. மலிவாகக் கிடைக்கிற பிளாஸ்டிக் கயிறு மிதக்கும், அதிகம் இழுபடாது, வெயிலில் கிடந்தால் மேல்நார் பொடிப்பொடியாக உதிரும். மிதக்கிற கயிறு பக்கத்துப் படகின் விசிறியில் போய்ச் சுற்றிக்கொள்ளும். அதனால் சண்டை வந்த நாளெல்லாம் உண்டு. கட்டுவதற்கு நைலான், பொருள் மூடிக் கட்டுவதற்குப் பிளாஸ்டிக் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தக் கயிறும் நடுவில் அறுந்து நான் பார்த்ததில்லை. உரசுகிற இடத்தில்தான் அறும். படகின் முன்பக்கமான அணியத்தில் கயிறு வெளியே இறங்குகிற விளிம்பு, கரைக் கட்டையில் சுற்றுகிற வளைவு, இன்னொரு கயிறு குறுக்கே போகிற இடம், இந்த மூன்றையும் பார்த்தால் போதும். அங்கே பழைய டீசல் ஹோஸ் குழாயை ஒரு முழம் நறுக்கிக் கயிற்றில் கோத்துவிட வேண்டும். குழாய் நகராமல் இரண்டு முனையிலும் சணலால் கட்ட வேண்டும். தினமும் காலையில் ஒரு சாண் கயிற்றை விட்டோ இழுத்தோ கொடுத்தால், உரசல் ஒரே இடத்தில் விழாது. ஒரு நிமிஷ வேலை. மாமா இதைத்தான் பல் தேய்ப்பதற்கு முன் செய்வார்.

ஒரு பையன் வந்தான், நல்ல சுறுசுறுப்பு. அணியம், அமரம் இரண்டிலும் கயிற்றை அழகாக, விறைப்பாகக் கட்டினான். படகு அசையவே இல்லை. மாமா பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. பௌர்ணமி அன்று. கட்டியது கடல் இறங்கிய வத்த நேரத்தில். நம் கடற்கரையில் ஏத்தத்துக்கும் வத்தத்துக்கும் வித்தியாசம் பெரும்பாலும் மூன்று அடிக்குள்தான், ஆனால் அந்த மூன்று அடிக்குக் கயிறு விட்டிருக்க வேண்டாமா? இரவு ஏத்தம் வந்தது. படகு எழும்பப் பார்க்கிறது, கயிறு விடவில்லை, கரைப்பக்கம் சாய்கிறது. கயிறு முனக ஆரம்பித்தது. மாமா பையனை எழுப்பிக் கையைப் பிடித்துக் கயிற்றின்மேல் வைத்தார். அது கம்பியாக நின்றது. "இத இப்ப அவுக்க முடியுமா, பாரு" என்றார். முடியவில்லை, முடிச்சு இறுகிக் கிடந்தது. கடைசியில் கத்தியால் அறுத்துத்தான் விட்டார்கள். நல்ல கயிறு போயிற்று. அந்தப் பையன் இன்று பெரிய படகுக்கு டிரைவர். இப்போதும் அவன் கட்டுகிற எந்தக் கயிற்றையும் பாரம் ஏறியபின்னும் அவிழ்க்கலாம். கட்டையில் சுற்றுப் போட்டு நிறுத்துவான், முடிச்சை நம்ப மாட்டான்.

நங்கூரத்துக்கும் இதே கதைதான். ஆழம் பத்து அடி என்றால் ஐம்பது அடிக் கயிறாவது வெளியே போக வேண்டும், காற்று நாளில் எழுபது. நங்கூரம் தன் கனத்தால் பிடிப்பதில்லை, தரையோடு படுத்து இழுபட்டால்தான் சேற்றைக் கவ்வும். கயிறு நெட்டுக்குத்தாக நின்றால் நங்கூரம் எழும்பி வந்துவிடும். அதனால்தான் நங்கூரத்துக்கும் கயிற்றுக்கும் நடுவில் கொஞ்சம் சங்கிலி போடுகிறோம், சங்கிலியின் கனம் கயிற்றைத் தரையில் அழுத்திப் பிடிக்கும்.

மழைக்காலத்தில் ஆற்றைத் தினமும் படிக்க வேண்டும். இங்கே மழை இல்லாவிட்டாலும் ஏமாந்துவிடக் கூடாது. பண்ருட்டிப் பக்கம் பெய்தால் கெடிலம் கொண்டுவரும். நெய்வேலிப் பக்கம் பெய்தால் பெருமாள் ஏரி நிறைந்து பரவனாறு கொண்டுவரும். 2015 நவம்பரில் வெள்ளம் வந்தபோது மாவட்டமே அதைப் பார்த்தது. தண்ணீர் செம்மண் நிறத்தில் வர ஆரம்பித்தால் மேற்கே பெய்திருக்கிறது என்று அர்த்தம். அடுத்து ஆகாயத்தாமரை வரும். தீவு தீவாக வந்து நங்கூரக் கயிற்றில் அடையும். அதன் பாரம் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், நல்ல நங்கூரத்தையே நகர்த்திவிடும். நீண்ட மூங்கிலை வைத்துக்கொண்டு, அடையும்போதே தள்ளிவிட வேண்டும். அதில் பாம்பும் வரும். கையால் தொடாதீர்கள். வெள்ளம் ஓடும்போது ஏத்த வத்தக் கணக்கும் மாறிவிடும். கடல் ஏறுகிற நேரத்திலும் ஆறு வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்புகிற படகு திரும்பாமல் ஒரே பக்கம் இழுத்து நிற்கும், மேல்பக்கக் கயிறுகளை இரட்டிப்பாக்க வேண்டும். வெள்ளத்தால் ஒரு நல்லதும் உண்டு. அடியில் ஒட்டிய கொட்டலசும் மரத்தைத் துளைக்கிற கப்பல் புழுவும் உப்புக் குறைந்தால் தாங்காமல் சாகும். தடைக்காலத்தில் சுரண்டுகிற வேலை பாதி குறையும்.

மரப் படகுக்கு எமன் மழைத் தண்ணீர். இது புதியவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். கடல் தண்ணீர் மரத்தைக் காப்பாற்றும், மழைத் தண்ணீர் மக்கவைக்கும். வங்குக் கட்டையின் இடுக்கு, கேபின் மூலை, மேல்தளப் பலகை சேர்கிற இடம், இங்கெல்லாம் மழைத் தண்ணீர் தேங்கினால் உள்ளேயிருந்தே உளுத்துப்போகும். மாமா மழை விட்ட மறுநாள் கல்லுப்பை அள்ளி அந்த மூலைகளில் தூவுவார். ஃபைபர் பூசிய மரப் படகில் இன்னும் ஆபத்து. பூச்சில் ஒரு கீறல் போதும், தண்ணீர் உள்ளே இறங்கி வெளியே வர வழியில்லாமல் தங்கும். சுத்தியலின் காம்பால் தட்டிக்கொண்டே போங்கள். கெட்டியான இடம் டக்கென்று சொல்லும், மக்கிய இடம் பொத்தென்று சொல்லும். தட்டித் தட்டித்தான் காது பழகும்.

ஈரத்தை வெளியேற்றுவதுதான் பகல் வேலை. வெயில் வந்ததும் எல்லா மூடியையும் திறக்க வேண்டும், நாலு மணிக்குள் மூட வேண்டும். சாயங்காலம் வரை திறந்து வைத்தால் ஆற்று ஈரம் உள்ளே இறங்கும். டீசல் டேங்கை நிறைத்து வைக்கச் சொல்லி முதலாளியிடம் நான் வாதாடுவேன். காலியாக இருந்தால் உள்சுவரில் ஈரம் வியர்த்து டீசலுக்கு அடியில் தண்ணீராக நிற்கும், கடல் திறந்த நாளில் எஞ்சின் அடம்பிடிக்கும். வாரம் ஒருமுறை எஞ்சினைப் போட வேண்டும். போட்டால் நன்றாகச் சூடேறும் வரை ஓட வேண்டும். இரண்டு நிமிஷம் ஓட்டி அணைப்பது ஓட்டாமல் இருப்பதைவிடக் கெடுதல், உள்ளே ஈரத்தைத்தான் சேர்க்கும். ஓட்டுவதற்கு முன் தண்ணீர் உறிஞ்சுகிற வாயில் பிளாஸ்டிக் பை அடைத்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

அடுப்பு விஷயத்தில் கண்டிப்பாகச் சொல்கிறேன். சமையல் மேல்தளத்தில்தான். சமையல் கேஸ் காற்றைவிடக் கனம். கசிந்தால் படகின் அடியில் போய்த் தங்கும், கரையில் போலக் காற்றோடு கலைந்து போகாது. மழை கொட்டுகிறது என்று கேபினைச் சாத்திக்கொண்டு உள்ளே கரி அடுப்பை வைத்துத் தூங்குவதும் உயிருக்கு உலை. ஒரு கஞ்சி, ஒரு கருவாட்டுக் குழம்பு. அதற்கு மேல் நாங்கள் சமைப்பதில்லை. மழை கனத்த நாளில் ஒரே படகில் உலை வைத்து, பக்கத்துப் படகுக்காரர்களும் வந்து சாப்பிடுவோம். நாலு படகை அணைத்துக் கட்டியிருந்தால் நடுவில் டயர்கள் ஒழுங்காகத் தொங்குகிறதா என்று பார்ப்பதும் அந்த நேரத்தில்தான். ஒருவர் வீட்டுக்குப் போனால் மற்றவர் அவர் படகையும் சேர்த்துப் பார்ப்பார். இதற்குக் கணக்கும் இல்லை, கூலியும் இல்லை.

இது உலகத்தில் நாங்கள் மட்டும் செய்கிற வேலை என்று நினைத்திருந்தேன். தங்கை மகன் கொச்சியில் வேலை பார்க்கிறான். அவனைப் பார்க்கப் போனபோது போல்காட்டித் தீவில் இருக்கிற மரினாவுக்குக் கூட்டிப்போனான். 2010-ல் தொடங்கியது, கேரளச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்துடையது. அங்கே ஒரு பாய்மரப் படகில் வெள்ளைக்காரத் தம்பதி, இருவருக்கும் தலை நரைத்திருந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் அந்தப் படகுதான் வீடாம். அந்த அம்மாள் குனிந்து கயிற்றில் ஹோஸ் குழாயைக் கோத்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் நான் நின்றுவிட்டேன். தங்கை மகன் நடுவில் நின்று பேச்சை மொழி மாற்றி மாற்றிச் சொன்னான்.

அவர்கள் ஊர்ப்பக்கம் குளிர்காலம் வந்தால் கடல் ஆகாது. துருக்கியில் மர்மாரிஸ், சிசிலித் தீவில் லிக்காட்டா போன்ற இடங்களில் உள்ள மரினாக்களில் படகைக் கட்டிப்போட்டுவிட்டு, இப்படிப்பட்ட வயதானவர்கள் குளிர் முடியும்வரை படகிலேயே குடியிருப்பார்களாம். காலையில் ரேடியோவில் ஒருவரையொருவர் கூப்பிட்டு விசாரிப்பார்களாம், காற்று நிலவரம் சொல்வார்களாம். ஊருக்குப் போனவர் படகின் கயிற்றைப் பக்கத்துப் படகுக்காரர் பார்த்துக்கொள்வாராம். எது கஷ்டம் என்று கேட்கச் சொன்னேன். குளிர் என்பார் என்று எதிர்பார்த்தேன். ஈரம் என்றார் அந்த அம்மாள். மெத்தைக்கு அடியில் கையை விட்டுக் காட்டினார். பலகைக்கும் மெத்தைக்கும் நடுவில் காற்றுப் போக ஒரு வலை விரிப்பு போட்டிருந்தார். ஊருக்கு வந்ததும் கிழிந்த வலையை நாலாக மடித்து என் பாய்க்கு அடியில் போட்டேன். பாயில் பூசணம் பிடிக்கவில்லை.

புயல் பற்றிச் சொல்லாமல் இந்தக் கரையில் எதையும் முடிக்க முடியாது. துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவார்கள். ஒன்று, இரண்டு என்றால் தூரத்தில் இருக்கிறது. மூன்று, நாலு என்றால் துறைமுகத்துக்கே கவனம். ஐந்து முதல் அபாயம், எட்டு முதல் பெரிய அபாயம். கயிறு வேலை எல்லாம் ஒன்று ஏறும்போதே முடிய வேண்டும். பல பேர் செய்கிற பிழை, காற்று இப்போது வருகிற பக்கத்துக்கு மட்டும் கட்டுவது. புயல் காற்று சுழலும். முதலில் வடக்கேயிருந்து அடிக்கும். புயல் நமக்கு வடக்கே கரையேறினால் காற்று மேற்கே திரும்பித் தெற்கில் முடியும். 2020 நவம்பரில் நிவர் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தபோது நமக்கு அப்படித்தான். நமக்குத் தெற்கே கரையேறினால் காற்று கிழக்காகத் திரும்பும். அதுதான் மோசம், கடலையே ஆற்றுக்குள் தள்ளிக்கொண்டு வரும், படகு கரைக் கட்டைக்கு மேலேயே எழும்பும். அதனால் எந்தப் புயலானாலும் நாலு பக்கமும் கட்ட வேண்டும், ஏத்தத்துக்குக் கூடுதலாகக் கயிறு விட வேண்டும், மேலே காற்றுப் பிடிக்கிற தார்ப்பாய், வலை, டிரம் எல்லாவற்றையும் இறக்க வேண்டும். 2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் அடித்தபோது காற்று மணிக்கு 120 கிலோமீட்டருக்கு மேல். அதில் தப்பிய படகுகளில் பலவற்றைப் போய்ப் பார்த்தேன், எல்லாம் இப்படிக் கட்டியவைதான்.

கட்டிவிட்டு இறங்கிவிட வேண்டும். ஐந்தாம் கூண்டு ஏறிவிட்டால் படகில் ஆள் இருக்கக் கூடாது, இது எங்களுக்குள் சட்டம். 2004 டிசம்பர் 26 காலையில் எச்சரிக்கையே இல்லாமல் கடல் வந்தது. படகுகள் கரைமேல் ஏறிக் கிடந்ததை இந்த ஊர் பார்த்தது. படகைத் திரும்பக் கட்டினோம், போன ஆட்களை எங்கே போய்க் கொண்டுவருவது?

வெயில்காலக் கிடப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அது பெரும்பாலும் தச்சர்களின் காலம். கரையேற்றிய மரப் படகு சித்திரை வெயிலில் காய்ந்து பலகை சுருங்கும், இடுக்கு வாய் திறக்கும். அந்தத் திறந்த வாயைப் பார்த்து அவசரப்பட்டுப் பஞ்சைத் திணித்து இறுக்கிவிட்டால், தண்ணீரில் இறக்கியபின் பலகை ஊதி ஒன்றையொன்று நெருக்கி, ஆணியையே பிடுங்கும். பக்கவாட்டில் நனைத்த சாக்கைத் தொங்கவிட்டு, காலையும் மாலையும் தண்ணீர் தெளித்து மரத்தைப் பதத்தில் வைத்திருப்பதுதான் காவல்காரன் வேலை. இடுக்கு அடைக்கிற கலப்பற்று வேலைக்காரர் வந்து குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சும்போது பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், கேட்டால் சொல்லுவார். பூசுவதற்குப் பண்ருட்டிப் பக்கத்து முந்திரிக்கொட்டை எண்ணெய் மாதிரி வேறு இல்லை, புழு அண்டாது. கையில் பட்டால் தோல் வெந்துவிடும். முதலில் தேங்காய் எண்ணெயைக் கையில் தடவிக்கொண்டு தொடுங்கள். படகைத் தண்ணீரில் இறக்கிய முதல் இரண்டு இரவும் நன்றாகவே ஒழுகும். பயப்படாமல் இறைத்துக்கொண்டே இருங்கள், மரம் ஊதியதும் நிற்கும்.

இரும்புப் படகு வந்துவிட்டது, தானாக இறைக்கிற மோட்டார் வந்துவிட்டது, இனி ஆள் எதற்கு என்று கேட்கிறார்கள். மோட்டார் நல்லதுதான், நானும் வைத்திருக்கிறேன். பேட்டரி இறங்கினால் அதுவும் நிற்கும், அதன் வாயில் ஒரு கந்தல் துணி அடைத்தாலும் நிற்கும். இரும்பு துருப்பிடிக்கிற இடம் எது என்று பார்க்கவும் ஒரு கண் வேண்டும். முதுநகரில் இந்த வேலை தெரிந்த கிழவர்கள் இன்னும் சில பேர் இருக்கிறோம். கேட்க ஆள் வந்தால் மறைக்காமல் சொல்லுவோம்.

கற்றுக்கொள்ள வருகிறவர்கள் ஐப்பசி முதல் வாரத்தில் வாருங்கள், மழை பிடிப்பதற்கு முன் கயிறு மாற்றுவோம், அங்கேயிருந்து தொடங்கலாம். ஒரு கத்தி, ஒரு முழம் பழைய ஹோஸ் குழாய், மாற்றுத் துணி கொண்டுவந்தால் போதும். செருப்பைக் கரையில் விட்டுவிட்டு ஏறுங்கள்.